விவாத இழை: சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் பிள்ளை – வீடும் பள்ளியும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

கோவை_ஆலோசகர் எழுதியது:

9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் விடுதிக் காப்பாளர்களுக்கும் ஈட்டிங் டிஸார்டர் (சாப்பிடும் முறையே நோயாகிவிடும் மனநலக் கோளாறு) பற்றி நான்கு பக்கக் குறிப்பு ஒன்று தயாரிக்கிறோம். தேடினால் கிடைப்பதெல்லாம் எலும்பும் தோலுமான பெண் கண்ணாடி முன் நிற்கும் படம்தான். நம் பிள்ளைகள் அப்படி வந்து நிற்பதில்லை. "பசிக்கல மிஸ்", "சாப்பிட்டா வயிறு உப்புது", "காலையில எதுவும் இறங்காது" என்றுதான் சொல்கிறார்கள். எதைப் பார்த்தால் சந்தேகப்பட வேண்டும், எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரி, வீட்டில் என்ன கொடுக்க வேண்டும் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் துல்லியமாகச் சொன்னால் குறிப்பு உருப்படியாக வரும்.

நெறியாளர் எழுதியது:

தொடங்கும் முன் ஒரு விதி. நோயாளியின் உடல் எடை, இடுப்பளவு, குறைத்துச் சாப்பிட்ட கலோரிக் கணக்கு எதையும் இங்கே எண்ணாகப் போட வேண்டாம். நோயில் இருக்கும் பிள்ளைகளும் இந்த இழையைப் படிப்பார்கள், அந்த எண் அவர்களுக்கு இலக்காகிவிடும். நாடித்துடிப்பு, ஆய்வக விவரம், சாப்பிட வேண்டிய அளவு ஆகியவற்றைத் தாராளமாக எழுதலாம்.

டாக்டர்_அருள் (குழந்தைகள் நலம்) எழுதியது:

மேடம், "பசிக்கல, வயிறு உப்புது" என்பதையே குறிப்பின் முதல் வரியாகப் போடுங்கள். டெல்லி எய்ம்ஸில் பார்த்த ஐந்து இளம்பெண்களைப் பற்றி 1995-ல் ஒரு கட்டுரை வந்தது. கடுமையாக மெலிந்திருந்தார்கள், மாதவிடாய் நின்றிருந்தது, ஆனால் குண்டாகிவிடுவோம் என்ற பயம் அவர்கள் பேச்சில் வெளிப்படையாக இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களில் இதையேதான் எழுதினார். வேலூர் சிஎம்சியின் குழந்தை மனநலப் பதிவேடுகளை வைத்து 2007-ல் வந்த ஆய்வில் அதிகம் தென்பட்டது அனோரெக்சியாகூட (சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் ஆபத்தான அளவுக்கு இளைக்கும் நோய்) அல்ல, மனம் சார்ந்த வாந்தி. "எனக்கு எடை குறையணும்" என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லும் நாளுக்காக நாம் காத்திருந்தால் ஆறு மாதம் போய்விடும்.

அடுத்தது, "ஒல்லியாக இருக்கிறாளா?" என்பது தவறான கேள்வி. தன் வளர்ச்சிக் கோட்டிலிருந்து இறங்கினாளா என்றுதான் பார்க்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவ சங்கம் 2015-ல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி வரைபடம் எல்லாக் குழந்தை மருத்துவர்களிடமும் இருக்கும். பள்ளி மருத்துவ அட்டையில் உள்ள பழைய உயரம், எடையை அதில் குறித்துப் பாருங்கள். மேல் கோட்டில் போய்க்கொண்டிருந்த பிள்ளை நடுக்கோட்டுக்கு வந்திருந்தால் வீட்டில் எல்லோரும் பாராட்டிக்கொண்டிருப்பார்கள், உள்ளே இதயம் மெதுவாகிக்கொண்டிருக்கும். பருமனாக இருந்து வேகமாக இறங்கிய பிள்ளைக்கும் நாடி குறையும், பாஸ்பேட் விழும், மாதவிடாய் நிற்கும். அவர்கள்தான் மிகத் தாமதமாக வந்து சேர்கிறார்கள். 13 வயதுப் பிள்ளை ஆறு மாதம் எடை கூடாமல் அப்படியே நின்றாலும் அது இழப்புதான், அந்த வயதில் கூடியே ஆக வேண்டும்.

பிடி_முருகன் (உடற்கல்வி ஆசிரியர்) எழுதியது:

மைதானத்தில் தெரிவதைச் சொல்கிறேன். ஏப்ரல் வெயிலில் முழுக்கை ஸ்வெட்டர், விரல் நுனி நீலம், பிரேயரில் மயக்கம். பீரியட் முடிந்தும் தனியாக ரவுண்டு ஓடிக்கொண்டிருப்பது, மழையென்றால் படிக்கட்டில் ஏறி இறங்குவது, ஒரு நாள் ஓட முடியாமல் போனால் அழுகை. காயம் ஆறுவதில்லை, காலெலும்பில் ஹேர்லைன் ஃபிராக்சர் திரும்பத் திரும்ப வரும். ஆறாம் வகுப்பிலிருந்து பார்க்கிற பிள்ளையின் வேகம் காரணமில்லாமல் இறங்கினாலும் கவனியுங்கள்.

எங்கள் பக்கத்துத் தவறு ஒன்றும் உண்டு. உடற்தகுதித் தேர்வுக்காக வகுப்பையே வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, பிஎம்ஐ-யைச் சத்தமாக வாசிப்பது. எடை பார்க்கத்தான் வேண்டும். திரை மறைவில், ஒவ்வொருவராக, எண்ணை வாயால் சொல்லாமல் பார்க்கலாமே.

தேன்மொழி_உளவியல் எழுதியது:

வகுப்பாசிரியர் கண்ணில் படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிபன் பாக்ஸை மற்றவர்களுக்குப் பங்கு போட்டுவிட்டுத் தான் சாப்பிடாதது, சாப்பிட்டதும் உடனே பாத்ரூம், ஒரு இட்லியை அரை மணி நேரம் பிய்ப்பது, சமையல் வீடியோக்களிலேயே மூழ்கிக் கிடப்பது, தான் தொடாத கேக்கைத் தம்பிக்குச் செய்து ஊட்டுவது. புதிதாகத் தொடங்கும் விரதங்களையும் கவனிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் இருக்கும் விரதத்தில் கலந்துகொள்வது ஒன்று. பிள்ளை தனியாக வாரம் மூன்று நாள் விரதம் பிடித்து, அது முடிந்த பிறகும் சாப்பிடாமல் இருப்பது வேறு. திடீரென்று சைவம், பிறகு பால் வேண்டாம், பிறகு எண்ணெய் வேண்டாம், பிறகு அரிசி வேண்டாம் என்று பட்டியல் சுருங்கிக்கொண்டே போவதுதான் அடையாளம்.

வெளிநாட்டுக் கேள்வித்தாளை மொழிபெயர்த்து வகுப்பில் நிரப்பச் சொல்லாதீர்கள். வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் அப்படிச் செய்து 1989-ல் வெளியான ஆய்வில், உணவைச் சிறு துண்டுகளாக்கிச் சாப்பிடுவது போன்ற கேள்விகளை மாணவிகள் வேறு பொருளில் எடுத்துக்கொண்டது தெரிந்தது. மதிப்பெண் ஏறியது, நோய் அந்த அளவுக்கு இல்லை. நேரில் உட்கார்ந்து, "நேத்து காலையில எழுந்ததிலிருந்து தூங்குற வரைக்கும் என்னென்ன சாப்பிட்டே, சொல்லும்மா" என்று கேட்பதில் இதைவிட அதிகம் கிடைக்கும்.

ஆண்டிப்பட்டி_வார்டன் எழுதியது:

இது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் எங்கள் நிர்வாகம் நினைக்கிறது. எங்கள் விடுதியில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம். அவர்களுக்கும் இந்தக் குறிப்பு தேவையா?

தேன்மொழி_உளவியல் எழுதியது:

கட்டாயம் தேவை சார். பணம், சாதி, ஊர் எதையும் பார்த்து இது வருவதில்லை. மரபணுப் பங்கு பெரிது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த இயல்போடு பிறந்த பிள்ளையின் உடலுக்கு ஒரு கட்டத்தில் தேவையை விடக் குறைவாகச் சாப்பாடு போகிறது. காரணம் டயட்டாக இருக்கலாம், டைஃபாய்டாகவும் இருக்கலாம், விடுதிச் சாப்பாடு பிடிக்காததாகவும், நீட் படிப்புக்காகக் காலை உணவை விட்டதாகவும் இருக்கலாம். பட்டினி தொடங்கியதும் மூளை மாறுகிறது. பிறகு தொடக்கக் காரணம் போய்விட்டாலும் நோய் நிற்பதில்லை.

இதற்கு நல்ல சான்று நோயாளிகளிடமிருந்து வந்ததல்ல. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் தலைமையில், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. 24 வாரம் அரைப்பட்டினி, உடல் எடையில் கால்பங்கு குறைய வேண்டும் என்பது திட்டம். அந்த ஆண்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள். சோறு திரும்பிய பிறகு சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் தின்றார்கள். நாம் பிள்ளையின் "பிடிவாதம்" என்று சொல்வதில் பெரும்பங்கு பட்டினியின் விளைவு. "முதலில் கவுன்சிலிங், மனசு சரியானதும் தானே சாப்பிடுவாள்" என்று காத்திருப்பது அதனால்தான் பலிப்பதில்லை. சோறுதான் முதல் மருந்து. காரணத்தை எடை ஏறிய பிறகு பேசலாம், அப்போதுதான் பேசவும் முடியும்.

மதுரை_மனநலம் எழுதியது:

தேன்மொழி சொல்வதில் பாதி உடன்பாடு. ஆனால் மன அழுத்தம், ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் நோய்), பாலியல் துன்புறுத்தல் பின்னணியில் இருந்தால் "முதலில் சாப்பிடு" என்று மட்டும் போக முடியாது. அனோரெக்சியாவில் நேரும் இறப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. முதல் சந்திப்பிலேயே பிள்ளையிடம் தனியாக, நேரடியாகக் கேட்க வேண்டும்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாராவது தொடுகிறார்களா, மிரட்டுகிறார்களா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டிலேயே துன்புறுத்தல் இருந்தால் பெற்றோர் கையில் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுக்கும் சிகிச்சை பொருந்தாது.

தேன்மொழி_உளவியல் எழுதியது:

சரி டாக்டர், அது சேர வேண்டியதுதான். இரண்டும் ஒரே நாளில் தொடங்கட்டும். கவுன்சிலிங் முடியும் வரை சாப்பாடு காத்திருக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

டாக்டர்_அருள் எழுதியது:

ஆஸ்பத்திரிக்கு எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலே அன்றே சேர்க்க வேண்டும், "திங்கட்கிழமை பார்க்கலாம்" கூடாது.

பகலில் விழித்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 50-க்குக் கீழ், தூக்கத்தில் 45-க்குக் கீழ்.
ரத்த அழுத்தம் 90/45-க்குக் கீழ், அல்லது எழுந்து நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்குவது.
உடல் வெப்பம் 96 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ்.
மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, ஈசிஜியில் கோளாறு.
பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை குறைவு.
சாப்பாட்டையோ தண்ணீரையோ முற்றிலும் மறுப்பது, நிறுத்த முடியாத வாந்தி, தற்கொலை எண்ணம்.

"நல்லா ஓடுற பொண்ணு, அதான் நாடி கம்மி" என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். பயிற்சி பெற்ற ஓட்டக்காரிக்கும் நாடி குறையும் என்பது உண்மை. ஆனால் எடையும் இறங்கி, கை கால் சில்லிட்டு, மாதவிடாயும் நின்றிருந்தால் அது பயிற்சியின் பலன் அல்ல.

இனி, அதிகம் தவறு நடக்கும் இடம். ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று சீட்டு வரும். பெரும்பாலும் அப்படித்தான் வரும், கடைசி வரை உடல் ரத்தத்தின் அளவுகளைக் காப்பாற்றும். நார்மல் ரிப்போர்ட்டை வைத்து நோய் இல்லை என்று சொல்லவே முடியாது. தைராய்டு பரிசோதனையில் டி3 என்ற ஹார்மோன் குறைந்திருக்கும், தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் சரியாக இருக்கும். பட்டினியில் உடல் தன் எரிப்பைக் குறைத்துக்கொண்டதன் விளைவு அது, தைராய்டு நோய் அல்ல. தைராக்சின் மாத்திரை கொடுத்தால் எடை மேலும் இறங்கும், இதயத்துக்கும் கெடுதல். கொலஸ்ட்ரால் கூடியிருக்கும். அதைப் பார்த்து "எண்ணெயைக் குறை" என்று சொல்லிவிட்டால் நோய்க்கு மருத்துவரின் அனுமதிச் சீட்டே கிடைத்த மாதிரி. எண்ணெய் கூடினால்தான் அந்தக் கொலஸ்ட்ரால் இறங்கும். மாதவிடாய் நின்றதற்குக் கருத்தடை மாத்திரை கொடுத்து மாதாமாதம் ரத்தப்போக்கு வரவைத்தால், எல்லாம் சரியாகிவிட்டதாக அம்மா நினைத்துக்கொள்வார். அந்த மாத்திரை எலும்பைக் காப்பதில்லை, எடை ஏறுவதுதான் காக்கும். பசி வரவைக்கும் சிப்ரோஹெப்டடின் சிரப்பும் மூல நோயைத் தொடாது.

மறுபக்கமும் உண்டு. ஈஎஸ்ஆர் (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) கூடியிருந்தாலோ, இரவுக் காய்ச்சல், ரத்தம் கலந்த மலம், அதிக தாகம் இருந்தாலோ காசநோய், குடல் அழற்சி, முதல் வகைச் சர்க்கரை நோய் ஆகியவற்றைப் பார்த்தே ஆக வேண்டும். அனோரெக்சியா மட்டும் இருந்தால் ஈஎஸ்ஆர் பொதுவாகக் குறைவாகவே இருக்கும்.

யாழ்_தாதி எழுதியது:

வோர்டில் நாங்கள் செய்யிற ஒழுங்கு இது. பிள்ளையை ஐந்து நிமிடம் அசையாமல் படுக்கவைத்து நாடி, பிரஷர் எடுக்கவேணும். பிறகு எழுப்பி நிற்கவைத்து, இரண்டு மூன்று நிமிடத்தில் திரும்ப எடுக்கவேணும். இருந்தபடி ஒருமுறை மட்டும் எடுத்தால் ஆபத்து பிடிபடாது. ஒக்சிமீற்றரில் காட்டுற எண்ணை நம்பாமல், விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கோ. நிறை பார்க்கிறதெண்டால் காலையில், சலம் போனபிறகு, மெல்லிய உடுப்போடை, ஒரே தராசில்.

ஊரிலை எல்லாரும் கேட்கிறது "ஒரு சேலைன் ஏத்திவிடுங்கோ". நீண்டநாள் பட்டினி கிடந்த உடம்புக்குள்ள குளுக்கோஸ் சேலைன் வேகமாய்ப் போனால் இன்சுலின் திடீரெண்டு ஏறும். அது பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாத்தையும் ரத்தத்திலை இருந்து கலத்துக்குள்ள இழுத்துக்கொண்டு போகும். பாஸ்பேட் விழுந்தால் இதயத் தசையும் மூச்சுத் தசையும் வேலை செய்ய ஏலாது. ரீஃபீடிங் சின்ட்ரோம் எண்டுறது இதைத்தான். கூடுதலாய் முதல் வாரத்துக்குள்ளதான் வரும். அதாலைதான் சாப்பாடு தொடங்க முன்னமே தயமின் (விற்றமின் பி1) குடுத்து, முதல் ஐந்து நாள் தினமும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்க்கிறது. திடீர்க் கால் வீக்கம், மூச்சு வாங்கல், தடுமாற்றமான பேச்சு கண்டால் உடனே வைத்தியரைக் கூப்பிடவேணும்.

கோவை_ஆலோசகர் எழுதியது:

அப்படியானால் வீட்டில் சாப்பாடு கொடுக்கத் தொடங்குவதே ஆபத்தா? பெற்றோர் பயந்து கைவிட்டுவிடுவார்களே.

டாக்டர்_அருள் எழுதியது:

இல்லை மேடம். ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் நாள்கணக்கில் கிடந்தவர்கள், மிக வேகமாக, மிக அதிகமாக இளைத்தவர்கள், வாந்தியால் உப்புச் சத்துகளை இழந்தவர்கள் ஆகியோர்தான் ரீஃபீடிங்குக்கு அஞ்ச வேண்டியவர்கள். அவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துத் தொடங்க வேண்டும். நாடி நன்றாக இருந்து, ஓரளவு சாப்பிட்டுக்கொண்டும் இருக்கும் பிள்ளைக்கு ஒரு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு வீட்டிலேயே தொடங்கலாம். ரீஃபீடிங் பயத்தில் வாரக்கணக்கில் அரை வயிறாக வைத்திருப்பதும் சிகிச்சைத் தவறுதான், அதனாலும் பிள்ளைகள் இளைக்கிறார்கள்.

கயல்_உணவியல் எழுதியது:

வீட்டுச் சாப்பாடு பற்றி விரிவாகவே எழுதுகிறேன், இங்கேதான் நல்ல எண்ணத்தோடு தப்பு நடக்கிறது.

நோயாளி என்றதும் நம் வீடுகளில் கஞ்சி, ரசம் சாதம், நீர்மோர், இளநீர், பழம். இந்த நோய்க்கு இவை எதிர்ப்பக்கம். வயிற்றை நிரப்பும், சக்தி தராது. இளைத்த பிள்ளையின் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், நாலு வாய் சாப்பிட்டதும் உப்பிக்கொள்ளும். அந்தச் சின்ன இடத்துக்குள் அதிகச் சக்தி போக வேண்டும். அதனால் அளவைக் கூட்டுவதை விட அடர்த்தியைக் கூட்டுங்கள்.

ஒரு நாள் எப்படி இருக்கும்: மூன்று வேளைச் சாப்பாடு, மூன்று இடைவேளைச் சிற்றுண்டி, இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலை 7.30-க்கு நான்கு இட்லி, இரண்டு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப் பொடி, கெட்டித் தேங்காய்ச் சட்னி, ஒரு டம்ளர் பால். பால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டாக இருக்கட்டும், அதில்தான் 6 சதவீதக் கொழுப்பு. தண்ணீர் கலக்காதீர்கள். 10.30-க்கு இரண்டு கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ, கூடவே ஒரு வாழைப்பழம். மதியம் இரண்டு கப் சோறு, நெய் ஒரு டேபிள்ஸ்பூன், கெட்டிப் பருப்பு அல்லது மீன் குழம்பு, எண்ணெயில் வதக்கிய பொரியல், முட்டை, கடைசியில் தயிர் சாதம். மாலை 4-க்குப் பாலில் காய்ச்சிய சத்து மாவு ஒரு டம்ளர், வெல்லமும் நெய்யும் சேர்த்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இரவு மூன்று தோசை அல்லது சப்பாத்தி, உருளைக்கிழங்கு மசாலா அல்லது பனீர் அல்லது சிக்கன். படுக்கும் முன் பேரீச்சம்பழம் போட்ட பால். இது தொடக்கத்தில் எட்ட வேண்டிய அளவு. வாரம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறவில்லை என்றால் இன்னும் கூட்ட வேண்டும். வளர்கிற பிள்ளை, அதிலும் பையன்கள், இதைவிட நிறையக் கேட்பார்கள். எடை ஏற ஏற உடல் சூடாகி எரிப்பும் கூடும், முதல் மாதம் போதுமானதாக இருந்தது இரண்டாம் மாதம் போதாது.

வீட்டில் தடுமாறும் இடங்கள்: பரிமாறுவதைப் பிள்ளையிடம் விடுவது, சமையலறையில் பிள்ளை நின்று எண்ணெயை அளப்பது, "இன்னிக்கு இது போதும்மா" என்று பாட்டி விட்டுக்கொடுப்பது. பரிமாறுவது ஒருவர் கை, முடிவும் அவருடையதே. தட்டில் இருப்பது பேரத்துக்குரியதல்ல. சாப்பாட்டுக்கு முன் தண்ணீர், சூப், வெள்ளரி வேண்டாம். வயிற்று உப்பலும் மலச்சிக்கலும் தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களில் குறைந்துவிடும். மலமிளக்கியோ, சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதோ கூடாது. சாப்பிட்ட பிறகு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் எடை திடீரென்று கூடினால் அது நீர்தான். பிள்ளை பதறிப்போவாள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், எடை இயந்திரத்தை வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள்.

கால்சியம் 9 முதல் 18 வயதுக்கு நாளுக்கு 1300 மில்லிகிராம். அது மாத்திரையில் போவதை விடப் பால், தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலியில் போகட்டும்.

ஆண்டிப்பட்டி_வார்டன் எழுதியது:

"தட்டில் இருப்பது பேரத்துக்குரியதல்ல" என்றால், மறுத்தால் என்ன செய்வது? வாயில் திணிக்கவா முடியும்?

தேன்மொழி_உளவியல் எழுதியது:

திணிப்பது, அடிப்பது, அழவைப்பது எதுவும் வேண்டாம் சார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவாகி, இன்று பதின்வயது அனோரெக்சியாவுக்கு முதல் சிகிச்சையாக இருக்கும் குடும்பம் சார்ந்த சிகிச்சை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. இதன் முதல் ஆய்வு முடிவு 1987-ல் வந்தது. முதல் கட்டத்தில் என்ன, எப்போது, எவ்வளவு என்பதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. எடை திரும்பியதும் இரண்டாம் கட்டம், மாலைச் சிற்றுண்டி, பள்ளி மதியச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் பொறுப்பைப் பிள்ளையிடம் திருப்பித் தருவது. மூன்றாம் கட்டம் வயதுக்குரிய மற்ற வாழ்க்கை. ஆறு மாதம் முதல் ஒரு வருடம், சுமார் 20 சந்திப்புகள். முதல் நான்கு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் முழுதாகத் தேறும் வாய்ப்பு அதிகம். ஏறவில்லையென்றால் அப்போதே சிகிச்சையைத் தீவிரமாக்க வேண்டும், நான்கு மாதம் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது.

சாப்பாட்டு மேசையில்: பெற்றோர் இருவரும், அப்பா ஊரில் இல்லையென்றால் அத்தை, சித்தி யாராவது இன்னொருவர், ஒரே பேச்சாக இருக்க வேண்டும். "ஏன் சாப்பிடல?" என்று கேட்டால் விவாதம்தான் வளரும், அந்த விவாதத்தில் நோய்தான் ஜெயிக்கும். குரல் உயர்த்தாமல், ஒரே வரியை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள்: "கஷ்டமா இருக்குன்னு தெரியும்டா. அடுத்த வாய் எடுத்துக்கோ." தட்டு காலியாகும் வரை கூடவே இருங்கள். அரை மணி நேரத்தில் முடியவில்லை என்றால் அதே சக்தியுள்ள சத்து மாவுக் கஞ்சியோ மில்க் ஷேக்கோ கொடுங்கள். அதுவும் முடியாத நாளில் பள்ளி, டான்ஸ் கிளாஸ், விளையாட்டு எதுவும் இல்லை, ஓய்வு மட்டும். இதைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் இல்லையா, அதே நியாயம். பாத்ரூம் சாப்பாட்டுக்கு முன்பே போய்வர வேண்டும். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து தாயம், கேரம், சீரியல் எதுவோ. தம்பி தங்கைகள் போலீஸ் வேலை பார்க்க வேண்டாம், கூட விளையாடினால் போதும்.

"கன்னம் வெச்சிருச்சு, இப்பதான் அழகா இருக்கே" என்ற வார்த்தையை வீட்டுக்கு வரும் உறவினர் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பைப் பற்றி நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம்.

விடுதி பற்றி: தீவிர கட்டத்தில் விடுதி சரிப்படாது. ஆறு வேளையும் பக்கத்தில் உட்கார ஒரு வார்டனால் முடியாது. மூன்று நான்கு மாதம் வீட்டிலிருந்து படிக்க நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு மதியமும் மாலையும் பெயர் குறிப்பிட்ட ஒரு பெரியவர் கூடச் சாப்பிட வேண்டும், பிள்ளை மீதம் வைத்தால் அன்றே வீட்டுக்குத் தகவல் போக வேண்டும்.

மதுரை_மனநலம் எழுதியது:

மருந்து பற்றி ஒரு வரி. அனோரெக்சியாவைக் குணமாக்கும் மாத்திரை கிடையாது. மிகுந்த பதற்றத்துக்குச் சில வேளைகளில் ஒலான்சபின் குறைந்த அளவில் தருவதுண்டு. எடை குறைவாக இருக்கும்போது மனச்சோர்வு மாத்திரைகள் சரியாக வேலை செய்வதில்லை. புலிமியாவில் (கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, மலமிளக்கி, பட்டினி என்று அதை ஈடுகட்டும் நோய்) பெரியவர்களுக்கு ஃப்ளூஆக்சிடின் என்ற மனச்சோர்வு மாத்திரை நாளுக்கு 60 மில்லிகிராம் என்ற அளவில் பலன் தருகிறது. புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரையைப் புலிமியாவில் கொடுக்கவே கூடாது, வலிப்பு வரும்.

கோவை_ஆலோசகர் எழுதியது:

புலிமியாவில் எடை இறங்காதே, எப்படிக் கண்டுபிடிப்பது?

மதுரை_மனநலம் எழுதியது:

வெளித்தோற்றத்தில் தெரியாது. காது முன்னால் தாடை ஓரம் இரு பக்கமும் வலியில்லாத வீக்கம், கைவிரல் முட்டிகளில் தழும்பு, கண்ணில் ரத்தத் திட்டு, வீட்டில் தின்பண்டம் மறைவது, மலமிளக்கி மாத்திரை அட்டைகள். மயங்கி விழுந்த பதின்வயதுப் பிள்ளைக்குப் பொட்டாசியம் குறைவு என்று வந்தால் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) காரணமில்லாமல் ஏறி, கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் போதாமல் ரத்தம் அமிலமாவது) திரும்பத் திரும்ப வந்தால், எடை குறைய வேண்டும் என்று பிள்ளை ஊசியை விடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, இன்சுலின் ஊசியைப் பெற்றோரே போடத் தொடங்குங்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

சிகிச்சையின் மையம் ஒழுங்கான சாப்பாடு. காலையும் மதியமும் விட்டால் இரவு கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது நடந்தே தீரும், அதன் குற்ற உணர்வில் மறுநாள் மீண்டும் பட்டினி. இந்தச் சுற்றை உடைப்பது இரவில் அல்ல, காலை இட்லியில். முந்தைய இரவு என்ன நடந்திருந்தாலும் மறுநாள் காலைச் சாப்பாடு நேரத்துக்கு நடக்க வேண்டும், நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. இதோடு 20 வாரம் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சு வழிச் சிகிச்சை).

பல்_டாக்டர்_சேது எழுதியது:

எங்களிடம்தான் முதலில் வருவார்கள், பல் கூச்சம் என்று. மேல் முன்பற்களின் உட்பக்கம், அண்ணம் பார்த்த பக்கம் எனாமல் கரைந்திருந்தால் வாந்தியைப் பற்றித் தனியாகக் கேட்கிறோம். வாந்திக்குப் பிறகு உடனே பிரஷ் செய்யக் கூடாது. அமிலத்தில் மென்மையான எனாமலைத் தேய்த்தெடுத்ததாகிவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்து, அரை மணி நேரமாவது கழித்து மென்மையான பிரஷ், ஃப்ளூரைடு பேஸ்ட். எலுமிச்சைச் சாறு குடிக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

குட்டிப்பிள்ளை_தெரபி எழுதியது:

சின்ன வயதிலிருந்தே நாலைந்து பொருள் மட்டும் சாப்பிடும் பிள்ளைகளை இந்தப் பட்டியலோடு குழப்ப வேண்டாம். எடை பற்றிய எண்ணமே இல்லாமல் வழவழப்பு, வாசனை, தொண்டையில் அடைத்துக்கொள்ளும் பயம் ஆகியவற்றால் ஒதுக்குவது ஆர்ஃபிட், 2013-ல் அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்-5 வந்தபோது தனிப் பெயர் பெற்றது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் அதிகம். இங்கே புது உணவைப் பட்டாணி அளவில், பழகிய உணவின் பக்கத்தில் வைத்து, தொட, முகர, நக்க, கடிக்க என்று வாரக்கணக்கில் போக வேண்டும். எடை இறங்கினாலோ வளர்ச்சி நின்றாலோ மேலே டாக்டர் சொன்ன விதிகள் இவர்களுக்கும் அப்படியே.

டாக்டர்_அருள் எழுதியது:

உதவிக்கு: இந்தியாவில் டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. உடல்நோய்க்குக் கிடைக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கிடைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. "சைக்கியாட்ரி கேஸ், கிளைம் வராது" என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

பிடி_முருகன் எழுதியது:

கடைசியாக ஒன்று. பையன்களைக் குறிப்பில் விட்டுவிடாதீர்கள். ஜிம், வே புரோட்டீன், "கட்டிங்" (தசை தெரியக் கொழுப்பைக் குறைப்பது) என்று தொடங்கி, சோறே ஆகாது, வீட்டுச் சமையல் ஆகாது, கல்யாண வீட்டுக்கு வந்தாலும் தனி டப்பா. யாரும் நோய் என்று நினைப்பதில்லை, ஒழுக்கம் என்று பாராட்டுகிறார்கள். தேறி வரும் பிள்ளையை எப்போது மைதானத்துக்கு விடலாம் என்பதையும் டாக்டர் சொன்னால் நல்லது.

டாக்டர்_அருள் எழுதியது:

நாடி, அழுத்தம், ஈசிஜி, உப்புச் சத்துகள் சரியாகி, எடை அவரவர் பழைய கோட்டை நெருங்கி, சாப்பாடு தகராறில்லாமல் நடக்கும்போது. பெண் பிள்ளைகளுக்கு மாத்திரை இல்லாமல் மாதவிடாய் திரும்புவது நல்ல அறிகுறி. முதலில் வாரம் இரண்டு நாள், 20 நிமிடம், கூட்டாக ஆடும் விளையாட்டு. தனி ஓட்டம் கடைசியில். விளையாடும் நாளில் ஒரு சிற்றுண்டி கூடுதல், மைதானத்துக்கு வரும் முன்பே சாப்பிட்டிருக்க வேண்டும். அந்த வாரம் எடை இறங்கினால் அடுத்த வாரம் விளையாட்டு இல்லை. எலும்பு முறிவு இருந்த பிள்ளைக்கும் மாதவிடாய் ஆறு மாதத்துக்கு மேல் நின்ற பிள்ளைக்கும் டெக்ஸா ஸ்கேன் (எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பது) பார்த்துவிட்டு அனுமதியுங்கள். பயிற்சியாளர் கையில் இந்த அனுமதி எழுத்தில் இருக்கட்டும், முருகன் சார். பிள்ளை "டாக்டர் ஓடச் சொல்லிட்டார்" என்று வந்து நின்றால் கேட்டுவாங்கிப் பாருங்கள்.

கோவை_ஆலோசகர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் வரைவை வெள்ளிக்கிழமை இங்கே போடுகிறேன். கயல் மேடம், சைவ வீட்டுக்கும் அசைவ வீட்டுக்கும் தனித்தனிச் சாப்பாட்டு அட்டவணையும், விடுதியில் கிடைக்கும் பொருளை வைத்து ஒன்றும் தர முடியுமா?

கயல்_உணவியல் எழுதியது:

வியாழனுக்குள் அனுப்புகிறேன். விடுதிச் சமையல் மாஸ்டரிடம் வாராந்திர மெனுவையும், ஒரு கரண்டி சோறு எத்தனை கப் வரும் என்பதையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். கரண்டிக் கணக்கில் கொடுத்தால்தான் அங்கே நடக்கும்.